ஒரு லட்சம் வியூஸ், எத்தனை நாள் கூலி?

பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் ஒரு யூடியூபரை யாராவது அடையாளம் கண்டுகொண்டால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான்: “லட்சம் வியூஸ் தாண்டிருச்சாமா, எவ்வளவுங்க வந்துச்சு?” கேட்பவர் மனசில் லட்சத்துக்கு லட்சம் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. பதில் சொல்ல வேண்டியவர் சிரித்து மழுப்புகிறார். மழுப்புவதற்குக் காரணம் உண்டு. உண்மைத் தொகையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினால் மதிக்க மாட்டார்கள்.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் தமிழே பலருக்கு வீட்டுமொழி. வேலை தேடிக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் ஏறிய வீடுகளில் இப்போது போனும் மைக்குமாக ஒரு பிள்ளையாவது இருக்கிறது. 2025-இல் மூன்று செய்திகள் இவர்களைக் குழப்பின. மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோக்களின் வியூஸ் எண்ணும் முறை மாறியது. மே மாதம், யூடியூப் இந்தியாவுக்கு 21,000 கோடி ரூபாய் கொடுத்ததாக அறிவித்தது. ஜூலை 15 முதல் ‘ஒரே அச்சில் வார்த்த’ வீடியோக்கள் பற்றிய விதி திருத்தப்பட்டது. வியூஸ் கூடியது, நாட்டுக்குள் வந்த பணம் கோடிகளில் பேசப்பட்டது, கைக்கு வந்தது மட்டும் கூடவில்லை. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

21,000 கோடியைப் பிரித்துப் பார்த்தால்

மும்பையில் நடந்த வேவ்ஸ் என்ற ஊடக மாநாட்டில் யூடியூப் தலைமை நிர்வாகி நீல் மோகன் சொன்ன எண்கள் மூன்று. முந்தைய மூன்று ஆண்டுகளில் இந்தியப் படைப்பாளர்கள், கலைஞர்கள், ஊடக நிறுவனங்களுக்குக் கொடுத்தது 21,000 கோடி ரூபாய்க்கு மேல். ஓராண்டில் வீடியோ ஏற்றிய இந்தியச் சேனல்கள் 10 கோடிக்கு மேல். அவற்றில் 10 லட்சம் சப்ஸ்கிரைபர்களைத் தாண்டியவை 15,000-க்கு மேல்.

முதல் எண்தான் தலைப்புச் செய்தியானது. மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால் படம் மாறுகிறது. 10 கோடியில் 15,000 என்றால் ஏறக்குறைய 6,700 சேனலுக்கு ஒன்று. ஆண்டுக்கு 7,000 கோடி என்று கொண்டு அதை 10 கோடிச் சேனலுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு சேனலுக்கு வருவது 700 ரூபாய், அதுவும் ஒரு வருஷத்துக்கு. உண்மையில் யாருக்கும் சமமாகப் போவதில்லை. அந்தத் தொகைக்குள் பாட்டுக் கம்பெனிகளும் டிவி நிறுவனங்களும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனலான வில்லேஜ் குக்கிங் சேனலின் பெயரைச் சொல்லித்தான் பல வீடுகளில் கேமரா வாங்க அனுமதி கேட்கிறார்கள். லாட்டரியில் பம்பர் அடித்தவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக நம் சீட்டுக்கும் அடிக்குமா?

பணம் எங்கே பிறக்கிறது

யூடியூப் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. விளம்பரம் கொடுப்பவர் கட்டும் பணத்தில் பங்கு கொடுக்கிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இதில் புழங்கும் சொற்கள்:

1. மானிடைசேஷன்: சேனலில் விளம்பரம் ஓடி, அதில் பங்கு பெறுவதற்கான அனுமதி.
2. சிபிஎம்: விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட விளம்பரதாரர் கொடுக்கும் விலை. இது படைப்பாளரின் கைக்கு வரும் தொகை அல்ல. பலர் இந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுத்தான் ஊரைக் குழப்புகிறார்கள்.
3. ஆர்பிஎம்: தளம் தன் பங்கை எடுத்த பிறகு, ஆயிரம் வியூஸுக்குப் படைப்பாளருக்கு மிஞ்சுவது. வருமானம் பற்றிப் பேசும்போது பார்க்க வேண்டிய எண் இது ஒன்றுதான்.

நீள வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளருக்கு. ரசிகர்கள் நேரடியாகக் கொடுக்கும் மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் போன்றவற்றில் 70 சதவீதம். எட்டு நிமிஷத்துக்குமேல் ஓடும் வீடியோவில் மட்டுமே நடுவில் விளம்பரம் வைக்க முடியும். மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டிய சமையல் குறிப்பு எட்டரை நிமிஷம் இழுக்கப்படுவதன் ரகசியம் அதுதான்.

ஆர்பிஎம் எல்லாருக்கும் ஒன்றல்ல. விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து பார்ப்பவருக்கு விளம்பரம் காட்ட அதிக விலை கிடைக்கும், பொள்ளாச்சியிலிருந்து பார்ப்பவருக்குக் குறைவு. நிதி, வீடு, மின்சாதனம் பற்றிய வீடியோவுக்கு ஒரு விலை, வம்புச் செய்திக்கு வேறு விலை. ஓணம், தீபாவளி நெருங்கும்போது ஏறும், ஜனவரியில் இறங்கும். தக்காளிப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் விவசாயிக்கு இது புதிதல்ல. விளைவித்தவர் விலை சொல்வதில்லை.

வாசலைத் தாண்டுவது

2018 ஜனவரியில் யூடியூப் வாசற்படியை உயர்த்தியது. விளம்பரப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது, பின்னர் சேர்ந்த வழிப்படி, 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000 மணிக்கணக்கில் சேராது. 500 சப்ஸ்கிரைபர்களுக்கே திறக்கும் ஒரு கீழ்ப்படி 2023-இல் வந்தது. ஆனால் அங்கே ரசிகர்கள் நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் வழியுண்டு, விளம்பரப் பங்கு கிடையாது.

வாசலில் வழுக்கும் இடங்கள் சில:

1. “நீங்க சப் பண்ணுங்க, நானும் பண்றேன்” வாட்ஸ்அப் குழுக்கள். இது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இப்படிச் சேர்ந்த ஆயிரம் பேர் வீடியோவைப் பார்க்க மாட்டார்கள். அழைத்த ஆட்களே திறந்து பார்க்காத சேனலை, அந்நியருக்குக் காட்டத் தளத்துக்குக் காரணம் இருக்காது. சொந்தக்காரர்களை விட்டு விளம்பரத்தைத் தட்டச் சொல்வது இதைவிட மோசம், விளம்பரப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கே மூடப்படலாம்.

2. பின் நம்பர். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிய வேண்டும். கேரளத்து முகவரி வீட்டுப்பெயரில் ஓடும், ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டாவில் வேறொன்று, தபால்காரருக்குத் தெரிந்தது அப்பா பெயர் மட்டும். எல்லைக் கிராமங்களில் இந்தக் கடிதம் தொலைவது தொழில்நுட்பச் சிக்கலே இல்லை.

3. இனிஷியல். தமிழர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து மட்டும் நிற்கும். பணம் பெறுபவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். முதல் பணம் வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்வது நல்லது.

4. அமெரிக்க வரிப் படிவம். 2021 ஜூன் முதல், அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வரும் வருமானத்தில் வரி பிடிக்கப்படுகிறது. படிவம் கொடுத்து, இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் அந்தப் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதிலுமிருந்து வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகலாம். நமக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிப்போடுபவர்கள் இழப்பது இங்கேதான்.

ஒரு மாதக் கணக்கு

கணக்குக்காக ஆர்பிஎம் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு வீடியோ, மாதம் எட்டு. அதில் ஒன்று ஓடி ஒரு லட்சம் வியூஸ் வந்தது, மற்ற ஏழும் ஆளுக்கு 4,000. மொத்தம் 1,28,000 வியூஸ். வருமானம் 3,840 ரூபாய்.

ஒரு வீடியோவுக்கு மூன்று நாள் என்றால் எட்டுக்கு 24 நாள் உழைப்பு. 2025–26-க்கு ஊரக வேலைத் திட்டத்தில் கேரளத்துக்கு நிர்ணயித்த நாள்கூலி 369 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 336. கேரளக் கூலியில் 24 நாளுக்கு 8,856 ரூபாய். அதாவது ஊரில் எல்லாரும் ‘வைரல்’ என்று பேசிய மாதத்திலும், நூறு நாள் வேலையில் பாதிக்கூட வரவில்லை. பெட்ரோல், டேட்டா, எடிட்டிங் செலவை இன்னும் கழிக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற தம்பிக்கும், காட்டுவதற்காகவே மூன்று முறை சமைத்த அம்மாவுக்கும் கூலி போடவே இல்லை.

இன்னும் ஒரு படி இருக்கிறது. கணக்கில் 100 டாலர் சேராமல் பணம் வெளியே வராது. டாலர் 90 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். நம் கணக்கில் 3,840 தானே இருக்கிறது? அந்த மாதம் கைக்கு ஒன்றும் வராது, அடுத்த மாதத்தோடு சேரும். 100 டாலரைத் தொட்டாலும் உடனே கிடைக்காது. ஜனவரியில் சம்பாதித்ததைப் பிப்ரவரி 7-க்கும் 12-க்கும் இடையில் உறுதிசெய்து, 21 முதல் 26-க்குள் அனுப்புவார்கள். ஜனவரி 1-ஆம் தேதி ஓடிய வீடியோவின் பணம் ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து வருகிறது. போனுக்கு வாங்கிய கடனின் தவணை அப்படிக் காத்திருக்காது.

ஷார்ட்ஸ்: எண் பெருத்தது ஏன்

2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், அங்கே லட்சம் பேர் வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் பூஜ்ஜியமானார்கள். அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில் முதலில் இறங்கியது. அதற்கு விளம்பரப் பங்கு வந்தது 2023 பிப்ரவரியில்தான். பங்கு கணக்கிடும் முறையும் வேறு. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி விளம்பரம் இல்லை. ஃபீடில் வீடியோக்களுக்கு நடுவே ஓடும் விளம்பரப் பணம் ஒரு குளத்தில் சேர்கிறது. பாட்டு உரிமைக்கான பங்கு அதிலிருந்து போகிறது. மீதியில், வியூஸ் விகிதப்படி உங்களுக்கு ஒதுக்கப்பட்டதில் 45 சதவீதம் உங்களுடையது. லட்சம் ஷார்ட்ஸ் வியூஸையும் லட்சம் நீள வீடியோ வியூஸையும் ஒரே தராசில் வைக்க முடியாததற்குக் காரணம் இது.

2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே, மறுபடி சுழன்றாலே, ஒரு வியூ. எத்தனை விநாடி பார்த்தார் என்ற நிபந்தனை கிடையாது. எண் சட்டென்று பெருத்தது. ஆனால் பணத்துக்கும் மானிடைசேஷன் தகுதிக்கும் பழைய முறை எண்ணிக்கையே ‘என்கேஜ்ட் வியூஸ்’ என்ற பெயரில் தொடர்கிறது. வெளியே தெரிவது ஓர் எண், கணக்கில் ஏறுவது இன்னோர் எண். “வியூஸ் ரெட்டிப்பாச்சு, காசைக் காணோம்” என்ற புலம்பலின் பின்னணி அவ்வளவுதான். யாரும் திருடவில்லை.

எல்லைச் சரக்கும் அதன் ஆபத்தும்

எல்லையில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இங்கே சாதாரணமானது அங்கே அதிசயம். அந்த அதிசயத்தை வீடியோவாக்கினால் பார்வை வரும். ஆனால் எது பார்வையை இழுக்கிறதோ அதுவே பெரும்பாலும் விளம்பரத்தை விரட்டுகிறது, சில நேரம் போலீஸையும் இழுக்கிறது.

*கள்.* தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. ‘கேரளா கள்ளுக்கடைச் சாப்பாடு’ என்று தலைப்பு வைத்தால் கோவைக்காரர் கட்டாயம் பார்ப்பார். ஆனால் மது முன்னால் நிற்கும் வீடியோவில் விளம்பரம் வைக்கப் பல நிறுவனங்கள் விரும்புவதில்லை. சேனலில் பச்சை டாலர் குறி மஞ்சளாகும், அதாவது குறைந்த விளம்பரம் அல்லது எதுவும் இல்லை. மது குடிக்கத் தூண்டும் விதத்தில் பேசினால் கேரள அப்காரி சட்டம் வரும். கடையின் மீன்கறியைக் காட்டுவதற்கும், குடத்தைக் காட்டி “வாங்க, குடிங்க” என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது.

*லாட்டரி.* தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடைசெய்தது. கேரள அரசோ 1960-களின் பிற்பகுதியிலிருந்து நடத்துகிறது. கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் லாட்டரிக் கடைகளின் வரிசையே இதற்குச் சாட்சி. சீட்டு வாங்குவதை வீடியோ எடுத்தவர்கள், அடுத்து “வாட்ஸ்அப்பில் பணம் போடுங்கள், சீட்டு எடுத்து வைக்கிறேன்” என்று இறங்குவதுதான் வழுக்குப்பாறை. கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைன் விற்பனை என்று வருவதெல்லாம் மோசடி. அதற்கு முகம் கொடுத்தவர் பெயர்தான் புகாரில் முதலில் வரும்.

*யானை.* இதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். 2023 ஏப்ரல் 29-இல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன், மே 27-இல் கம்பம் ஊருக்குள் புகுந்தது. பிறகு தோப்பொன்றில் ஒதுங்கி நின்ற யானைக்குமேல் ஒரு யூடியூபர் டிரோன் பறக்கவிட, அது மிரண்டு ஓடியது. அவர் கைதானார். ஜூன் 5-இல் தமிழ்நாட்டு வனத்துறை யானையைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. இந்த ஒரே யானையின் கதையில் இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை. வாளையாற்றிலும் அப்படியே. ரோட்டின் இந்தப் பக்கம் வாங்கிய அனுமதி அந்தப் பக்கம் செல்லாது. காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்ததற்கு எடுத்த ஆளே வீடியோவில் சாட்சி சொல்கிறார். வேறு எந்தக் குற்றத்துக்கும் இவ்வளவு தெளிவான ஆதாரம் கிடைக்காது.

*அணை.* முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு மழைக்காலமும் பழைய மதகுக் காட்சிகள் ‘சற்றுமுன்’ என்று திரும்ப வருகின்றன. இரண்டு பக்கத்தின் பயமும் கோபமும் வியூஸாக மாறும். கமெண்டில் தமிழரைப் பாண்டி என்று வசைபாடுவதும் அதற்குப் பதில் வசையும் நிரம்பும். அங்கே தங்கள் பொருளைக் காட்ட எந்த விளம்பரதாரர் வருவார்? குமுளியில் கடை வைத்திருக்கும் தமிழர்தான் மறுநாள் அதன் விளைவைச் சந்திக்கிறார்.

இரண்டு மொழி, ஒரு சேனல்

தளம் ஒரு வீடியோவை முகப்பில் காட்டுகிறது. எத்தனை பேர் தட்டினார்கள், தட்டியவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று பார்க்கிறது. அதை வைத்தே அடுத்தவருக்குக் காட்டலாமா என்று முடிவாகிறது. இந்தச் சோதனையில்தான் எல்லைக்காரர் சறுக்குகிறார்.

கொழிஞ்சாம்பாறைத் தமிழில் கொங்கு வாடையும் மலையாளச் சொல்லும் கலந்தே வரும். பேட்டி எடுக்கப்படும் சேட்டன் மலையாளத்தில் பேசுவார், கேட்பவர் தமிழில் கேட்பார், இருவருக்கும் புரியும். மதுரைப் பார்வையாளர் மூன்றாவது நிமிஷம் கழன்றுகொள்வார். திருச்சூர்ப் பார்வையாளர் தமிழ்த் தலைப்பைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார். ஒரு நாள் தமிழ், மறுநாள் மலையாளம் என்று ஒரே சேனலில் போட்டால், ஒவ்வொரு வீடியோவையும் பாதிச் சப்ஸ்கிரைபர்கள் புறக்கணிப்பார்கள்.

இரண்டு சேனல் வைத்தால் வேலை இரட்டிக்கும், வாசற்படியையும் இரண்டு முறை தாண்ட வேண்டும். மூன்றாவது வழி 2025 செப்டம்பரில் பரவலாகத் திறந்தது. ஒரே வீடியோவுக்குப் பல மொழி ஒலித்தடங்களை ஏற்றலாம். பார்ப்பவர் மொழியைத் தேர்ந்துகொள்வார். வியூஸ் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். சென்னைச் சேனல் இதற்கு மலையாளம் பேச ஆள் தேட வேண்டும். சித்தூர்க்காரர் தானே பேசிவிடலாம். இவ்வளவு நாள் குறையென்று கருதியது இந்த ஓர் இடத்தில் மூலதனமாகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்களைவிட, கலப்புத் தமிழைக் கேலி செய்கிறார்களே என்று சென்னைப் பேச்சைப் பழகுகிறவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

பாட்டு ஒலிக்கும் திருவிழா

சித்தூரில் கொங்குப் படையை வென்றதாகக் கொண்டாடும் கொங்கன்படை, நென்மாறை வல்லங்கி வேலை என்ற திருவிழாவின் வாணவேடிக்கை இரண்டும் கேமராவுக்குத் தீனி. ஆனால் பந்தலில் சினிமாப் பாட்டு ஓடும், ராத்திரி கானமேளா நடக்கும். வீடியோவில் பதிந்த பாட்டைக் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை கண்டுபிடிக்கும். இங்கே இரண்டு சொற்களைக் குழப்பக் கூடாது.

1. கிளெய்ம்: வீடியோ நிற்கும், வருமானம் பாட்டு உரிமையாளருக்குப் போகும். சேனலுக்குத் தண்டனை இல்லை. அந்தப் பகுதியை வெட்டலாம், ஒலியை நீக்கலாம். தவறான கிளெய்ம் என்றால் ஐந்து நாளுக்குள் மறுப்புத் தெரிவித்தால், முதல் நாளிலிருந்து வருமானம் நிறுத்தி வைக்கப்பட்டு, வென்றவருக்குக் கொடுக்கப்படும்.
2. ஸ்டிரைக்: உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொன்னது. வீடியோ போய்விடும். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

கிளெய்முக்குப் பயந்து வீடியோவையே அழித்தவர்களும் உண்டு, ஸ்டிரைக்கைக் கிளெய்ம் என்று எண்ணிச் சும்மா இருந்து சேனலை இழந்தவர்களும் உண்டு.

2025 ஜூலை 15 திருத்தமும் இதோடு சேர்த்துக் குழப்பப்பட்டது. அது ஏஐ தடை என்று பரப்பப்பட்டது. அப்படி இல்லை. ஒரே வார்ப்பில் கூட்டமாக உற்பத்தி செய்த வீடியோவுக்கு மானிடைசேஷன் கிடையாது என்ற விதி முன்பே இருந்தது, அதன் பெயரும் விளக்கமும் மாறின. நிலைப் படங்களுக்குமேல் இயந்திரக் குரலில் செய்தி படித்து ஒரு நாளைக்கு பத்து வீடியோ ஏற்றுபவர் பயப்பட வேண்டும். முதலமடை மாந்தோப்பில் நின்று தானே எடுத்து, எடிட்டிங்குக்கு ஏஐயைப் பயன்படுத்துபவர் பயப்பட வேண்டியதில்லை.

விளம்பரதாரர் வாசலில்

ஆட்சென்ஸில் வயிறு நிறையாது என்று தெரிந்ததும் எல்லாரும் போவது ஸ்பான்சரிடம். சிறு சேனல்களைத் தேடிவந்தவை பெரும்பாலும் ரம்மி ஆப்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரத்தையும் தடைசெய்தது. விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த வருமானம் நின்றது. நின்றது நல்லதே என்றாலும், பல சேனல்களின் வரவில் பெரும்பகுதி அதுதான் என்பது கசப்பான உண்மை.

மிஞ்சுவது உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடை, நர்சரி, மண்டபம். இவர்களுக்கு வேண்டியது இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் வாங்குபவர். சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிதறிய லட்சம் சப்ஸ்கிரைபர்களைவிட, சித்தூர் தாலுகாவுக்குள்ளேயே 5,000 பேர் வைத்திருக்கும் சேனல் அந்தக் கடைக்குப் பயன்படும். பாலக்காட்டுக் கடை மலையாளியை எதிர்பார்க்கும், பொள்ளாச்சிக் கடை தமிழரை. யூடியூப் ஸ்டுடியோவில், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று சொல்லும் ‘ஜியோகிராஃபி’ பக்கத்தைக் காட்டி விலை பேசத் தெரிந்தவர் இங்கே பிழைப்பார்.

பணம் வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கென்று வழிகாட்டியே வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

பொருளாகக் கிடைப்பதும் வருமானமே. 2022 ஜூலை 1 முதல், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குமேல் பொருள் கொடுக்கும் நிறுவனம் அதன் மதிப்பில் 10 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். 30,000 ரூபாய் போனை ரிவ்யூ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் வரியில்லை, வைத்துக்கொண்டால் உண்டு. சிறு கடைக்காரருக்கு வரி பிடிக்கும் பொறுப்பு இல்லாமல் போகலாம். அதற்காக வாங்கியவரின் வருமானக் கணக்கிலிருந்து அது மறைவதில்லை. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. ஆட்சென்ஸ் பணம் ஏற்றுமதியாகக் கருதப்பட்டு வரியில்லாமல் போனாலும், அந்த 20 லட்சக் கணக்கில் சேரும்.

முதலாளி யார்

கேமராவை வீட்டுத் தொழிலுக்குப் பெயர்ப்பலகையாக வைத்தவர்கள் இந்த அலைகளில் குறைவாகவே ஆடுகிறார்கள். மூணாறில் ஹோம்ஸ்டே நடத்துபவர், முதலமடை மாம்பழத்தைப் பெட்டியில் அனுப்புபவர், கல்யாணத்துக்குச் சமைப்பவர் இந்த வகை. இவர்களுக்கு 800 வியூஸ் போதும், அதில் எட்டுப் பேர் போன் செய்தால். விளம்பரப் பங்கு வந்தால் டீசலுக்கு ஆகும்.

சேனலே தொழில் என்று இறங்கியவருக்கு நிலைமை வேறு. ஆறு மாதம் ஒன்றும் ஏற்றாமல் உடம்புக்கு முடியாமல் கிடந்தால் மானிடைசேஷனே பறிபோகலாம். சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கியில் வண்டிக் கடன் கேட்டாலும் முகம் சுளிக்கிறார்கள். சீரான வருமான வரிக் கணக்கு மூன்று ஆண்டுக்கு இருந்தால்தான் பேச்சே. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்ற வகை உண்டு. அதன் ஏழாவது அட்டவணையில் டாக்ஸி, உணவு விநியோகத்தோடு ‘உள்ளடக்க, ஊடகச் சேவைகள்’ என்பதும் இடம்பெற்றிருக்கிறது. வீடியோ ஏற்றி விளம்பரப் பங்கு பெறுபவர் அந்தத் தளத்தின் தொழிலாளரா, தனி வியாபாரியா என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வருமான வரி கட்டும்போது அவர் வியாபாரி.

சித்தூர்த் தோப்பில் கள் இறக்குபவருக்குக் கேரளத்தில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நலநிதி வாரியம் இருக்கிறது. மரத்தடியில் நின்று அவரைப் படம் பிடிப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை.